வேலூரில் கைத்துப்பாக்கி: விண்ணப்பம் முதல் இடுப்பு உறை வரை

பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதை உறையிலோ அதற்கான பையிலோ வைத்திருக்க வேண்டும், அது முழுவதும் மூடியிருக்க வேண்டும், எந்நேரமும் அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. அதாவது உரிமம் உள்ளவருக்கும் மறைத்துக் கொண்டுபோவது கடமை. வெளியே தெரியும்படி இடுப்பில் செருகிக்கொண்டு சந்தையில் நடந்தால் அது உரிம நிபந்தனை மீறல். புதிதாக உரிமம் வாங்குபவர்கள் துப்பாக்கியைப் பற்றி ஆயிரம் கேட்கிறார்கள். உறையைப் பற்றியும் வீட்டுப் பூட்டைப் பற்றியும் கேட்பதில்லை. விபத்துகள் நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரை அவற்றில் அதிக நேரம் நிற்கும்.

முதலில் காரணம்

ஆபத்து உண்டு என்று நினைப்பது போதாது, அது காகிதத்தில் இருக்க வேண்டும். மிரட்டல் வந்தபோது காவல் நிலையத்தில் கொடுத்த புகார், அதற்குத் தந்த சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு), எஃப்.ஐ.ஆர். இருந்தால் அதன் நகல் ஆகியவைதான் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. நகைக்கடை, தோல் வியாபாரம், பெட்ரோல் பங்க், நிதி நிறுவனம் நடத்துபவர்கள் வாரத்துக்கு எத்தனை முறை, எந்த வழியில், எந்த நேரத்தில் ரொக்கம் எடுத்துப் போகிறோம் என்பதை வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றோடு காட்ட வேண்டும். "பாதுகாப்புக்காக" என்ற ஒற்றைச் சொல்லில் எழுதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் வியப்பில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு, கடன் வசூல் ஆகியவை துப்பாக்கி வாங்கக் காரணமாகக் கூடாது. அங்கே அது பாதுகாப்பைக் கூட்டாது. பேச்சில் முடிய வேண்டியதைக் கொலை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். ரொக்கப் போக்குவரத்துதான் சிக்கல் என்றால், பணத்தை வங்கிக்கு அனுப்பும் நேரத்தையும் வழியையும் மாற்றுவது, இரண்டு பேராகப் போவது, கடையிலேயே வந்து பணம் எடுத்துக்கொள்ளும் சேவையை அமர்த்துவது என மூன்றையும் முதலில் செய்து பாருங்கள். பலருக்கு அதோடு தேவை தீர்ந்துவிடும்.

விண்ணப்பம்

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் விண்ணப்பம் போவது சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு. காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில்தான் ஆணையர் உரிமம் தருவார். வேலூரில் அந்த அமைப்பு இல்லை. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்தவர்கள் ராணிப்பேட்டையிலும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூரிலும் விண்ணப்பிக்க வேண்டும். பிரிவினைக்கு முன் வாங்கிய பழைய உரிமப் புத்தகம் வீட்டில் இருந்தால், உங்கள் முகவரி இப்போது எந்த மாவட்டத்தில் வருகிறது, கோப்பு அங்கே மாறியிருக்கிறதா என்பதை நேரில் கேட்டு எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். புதுப்பிக்கும் நேரத்தில் கோப்பைத் தேடி அலைவது பெரும் தலைவலி.

தனிநபருக்கான விண்ணப்பம் படிவம் ஏ-1. மத்திய உள்துறையின் ஆயுத உரிமத் தரவுத்தள இணையதளத்தில் அதை நிரப்பலாம். உரிமம் பெறும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தரவுத்தளத்தில் ஒரு தனி அடையாள எண் உண்டு. அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. வயது, அடையாளம், முகவரிக்கான சான்றுகள், புகைப்படங்கள், உடல் நலமும் மன நலமும் சரியாக இருப்பதாக மருத்துவர் தரும் சான்று, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். பெயரின் எழுத்து, தந்தை பெயர், கதவு எண் மூன்றும் எல்லாச் சான்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆதாரில் ஓர் எழுத்தும் பட்டாவில் வேறோர் எழுத்தும் இருந்தால் விசாரணை அங்கேயே நின்றுவிடும்.

அதன்பின் காவல் நிலைய விசாரணை வரும். வருவாய்த் துறை விசாரணையும் வழக்கம். விசாரிக்க வருபவர் பார்ப்பது மூன்று: உங்கள் மீது வழக்கு உண்டா, அக்கம்பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி, வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலாகச் சுவரில் பொருத்திய பெட்டியைக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய வழக்கு ஏதாவது இருந்து விடுதலை ஆகியிருந்தால் தீர்ப்பு நகலோடு நீங்களே விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அந்த மறைப்பே நிராகரிக்கக் காரணம் ஆகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். இடையில் "நான் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். வெளிமாநிலப் போலி உரிமத்தோடு பிடிபட்டால் அது உரிமமே இல்லாத துப்பாக்கிக்குச் சமம். ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு சிறை.

அதே திருத்தத்தால் உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூடியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

எதை வாங்குவது

வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் 9 மி.மீ. பிஸ்டல்களை மறந்துவிடுங்கள். அந்த அளவு இங்கே தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது, சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 வகை. (.32, .22 என்பவை அங்குலக் கணக்கில் தோட்டாவின் அளவு.)

கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்தான் நாடு முழுக்க அதிகம் புழங்குவது. ஆறு தோட்டா, 3 அங்குலக் குழல், நடுவில் மடக்கித் திறக்கும் அமைப்பு. 2014-இல் வந்த நிர்பீக் அதே .32, டைட்டானியம் கலவையில் சுமார் 500 கிராம். 2023-இல் வந்த பிரபல், சிலிண்டர் (தோட்டாக்கள் நிற்கும் சுழலும் உருளை) பக்கவாட்டில் வெளியே வரும் வகை, எடை சுமார் 675 கிராம். இஷாப்பூரில் செய்யும் அஷனி .32 பிஸ்டல். நிடர் .22 ரிவால்வர், கால் கிலோ மட்டுமே.

புதியவருக்கு எங்கள் தேர்வு ரிவால்வர். தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றிய பிறகும் சேம்பரில் (குழலின் அடியில் தோட்டா நிற்கும் அறை) ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். "காலி" என்று நினைத்து வெடித்த துப்பாக்கிகளில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வருகிறது. லேசான துப்பாக்கி நாள் முழுக்கச் சுமக்க நல்லது, ஆனால் சுடும்போது உதை கூடுதலாகக் கையில் ஏறும், குறி விலகும். தினமும் எடுத்துப் போக வேண்டியவருக்கு 500 முதல் 700 கிராம் சரியான இடம்.

தோட்டாவில் ஒரு குழப்பம் உண்டு. .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் வேறு வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் அகன்ற விளிம்பு உண்டு. பிஸ்டல் தோட்டா குட்டையானது. பெயரில் .32 என்று இருப்பதாலேயே ஒன்றை மற்றதில் போடக்கூடாது. பில்லில் எந்த வகை என்று முழுதாக எழுதி வாங்குங்கள். எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கைதான் வரம்பு.

உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். துப்பாக்கி காலி என்று உறுதி செய்தபின், உடம்பில் பதித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் பிற்பாடு அது உங்கள் துப்பாக்கி இல்லை என்று ஆகிவிடும். குழலில் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் முறுக்குக் கோடுகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், கருப்புக் குழிகள் இருக்கக் கூடாது. சுத்தியலை (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும் பின்பக்க உறுப்பு) பின்னால் இழுத்து நிறுத்திச் சிலிண்டரை விரலால் அசையுங்கள்; நூலளவுக்கு மேல் ஆடினால் குண்டு குழலுக்குள் நேராக நுழையாது, விளிம்பை உரசி ஈயத்தைச் சிதறும். ஆறு அறைக்கும் இதே சோதனை. மடக்குத் துப்பாக்கி என்றால் மேல் கொக்கி இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்க்கவும். பழைய துப்பாக்கி வாங்கும்போது ட்ரிக்கர் வழக்கத்துக்கு மாறாக லேசாக இருந்தால் யாரோ ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதில் சுத்தியல் தோட்டாவின் அடியைப் பலமாக அடிக்காது, அவசரத்தில் "டிக்" என்று மட்டும் கேட்கும்.

வாங்கிய கையோடு உரிமத்தில் பதிவு, உரிம அதிகாரியிடம் துப்பாக்கியைக் காட்டுவது இரண்டையும் முடிக்க வேண்டும். காலக்கெடு உரிமத்திலேயே இருக்கும்.

உறையும் பெல்ட்டும்

நல்ல உறை நான்கு வேலை செய்யும். ட்ரிக்கர் வளையத்தை முழுவதும் மூடும். துப்பாக்கி இல்லாதபோதும் வாய் திறந்தபடியே நிற்கும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் துப்பாக்கி விழாது. ஒரே கையால் எடுக்கவும் வைக்கவும் முடியும். இதில் முதல் வேலையில் தவறினால் மற்ற மூன்றும் வீண். சட்டை நுனியோ கயிறோ ட்ரிக்கருக்குள் நுழைந்த நிலையில் துப்பாக்கியை உறைக்குள் அழுத்தினால் குண்டு தொடையில் பாயும். அதனால் உறைக்குள் வைப்பது எப்போதும் மெதுவாக, கண்ணால் பார்த்து, சட்டையை மறு கையால் தூக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் குழலோடு ஒட்டி நீட்டி வைத்து. எடுப்பதில் வேகம் வரலாம். வைப்பதில் ஒருபோதும் அவசரம் கூடாது.

தோல் ஊரில் இருந்துகொண்டு தோல் உறையைப் பற்றி நாலு வரி எழுதாமல் இருக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் செருப்புக்கும் பைக்கும் அதிகம் வருவது குரோம் பதனிட்ட தோல். அது மென்மையானது, மடங்கும். உறைக்கு அது பொருந்தாது: வாய் சுருங்கிப்போகும், பதனிட்ட உப்பின் மிச்சம் வியர்வையோடு சேர்ந்து இரும்பைத் துருவாக்கும். உறைக்கு வேண்டியது பட்டை பதனிட்ட தோல். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தும் பழைய முறைத் தோல் அல்லது அதே வகைத் தடித்த மாட்டுத்தோல், 3 மி.மீ. அளவு தடிமன். வெட்டுமுகத்தைப் பார்த்தால் தெரியும்: நடுவில் நீலச் சாம்பல் நிறம் இருந்தால் குரோம், முழுவதும் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். தைப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். உங்கள் மாடலின் அளவுக்கு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு போலி செய்து கொடுங்கள். தோலை ஈரமாக்கி அதன்மேல் அழுத்திக் காயவைத்தால் வடிவம் நிற்கும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் உறை வாங்கலாம். வியர்வைக்கு அதுவே மேல்.

பெல்ட் ஒன்றரை அங்குல அகலம், இரட்டைத் தோல். பேன்ட்டோடு வந்த மெல்லிய பெல்ட்டில் 700 கிராம் தொங்கினால் அந்தப் பக்கம் இறங்கும். நாள் முழுக்கப் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள். அந்தக் கை அசைவுதான் இடுப்பில் எதுவோ இருக்கிறது என்று ஊருக்கே சொல்வது.

உறையை வைக்கும் இடம், வலக்கைக்காரருக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்பக்கம். அங்கே விலாவுக்குக் கீழ் இயற்கையாகவே ஒரு குழிவு உண்டு. முன்வயிற்றுப் பக்கம் புதியவருக்கு வேண்டாம். உட்காரும்போது குழல் தொடையின் பெரிய இரத்தக்குழாயை நோக்கி நிற்கும். முதுகுத்தண்டின் மேல் வைப்பதும் தவறு: வழுக்கி விழுந்தால் எலும்பு அடிபடும், யாராவது பின்னாலிருந்து பிடுங்கினால் தெரியாது.

வேட்டி, லுங்கி கட்டுபவர்களுக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சை பெல்ட்டின் பணப்பையிலோ வேட்டி மடிப்பிலோ துப்பாக்கியைச் சொருகும் வழக்கம் நேரடியான ஆபத்து. அங்கே ட்ரிக்கருக்கு மூடி இல்லை, சாவிக்கொத்தும் சில்லறையும் அதே பையில் கிடக்கின்றன, வேட்டியை மடித்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி நகர்கிறது. துப்பாக்கி எடுத்துப் போகும் நாளில் பேன்ட் போடுங்கள். வேட்டிதான் என்றால் வயிற்றைச் சுற்றிக் கட்டும், உள்ளே கெட்டி உறை தைத்த அகலப் பட்டையை வேட்டிக்கு உள்ளே தனியாகக் கட்டி, மேலே சட்டையைத் தொங்கவிடுங்கள்.

சட்டை நேர்வெட்டு, வெளியே விட்டது, வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியது. கட்டம் போட்டதும் அடர் நிறமும் நல்லது. வேலூர் வெயிலில் வெள்ளைக் காட்டன் சட்டை பத்து நிமிடத்தில் நனைந்து உடம்போடு ஒட்டும், துப்பாக்கியின் வடிவம் அப்படியே தெரியும். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்து உட்காருங்கள். அடிக்கடி தொட்டுப் பார்க்கும் கையை அடக்குங்கள்.

பைக்கில் போகும்போதும் துப்பாக்கி இடுப்பில்தான். சீட்டுக்கு அடியில், டேங்க் கவரில், ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. காரின் டேஷ்போர்டும் அப்படியே. திருட்டு ஒருபுறம், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஏறும் சூடு தோட்டாவைக் கெடுக்கும்.

மறந்துவிட்டு வரும் இடம் கழிப்பறை. கொக்கியில் மாட்டாதீர்கள், தண்ணீர்த் தொட்டி மேல் வைக்காதீர்கள். உறையோடு சேர்த்தே பேன்ட்டில் இருக்கட்டும், கை அதன்மேல் இருக்கட்டும். வெளியூர் போகும் நாளில் இதற்காகவே வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

எங்கே கூடாது, எதுவரை செல்லும்

உரிமத்தில் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று ஒரு கட்டம் உண்டு. மாவட்டமா, மாநிலமா, நாடு முழுவதுமா என்று படியுங்கள். காட்பாடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை வந்துவிடும். சித்தூருக்கு வசூலுக்குப் போவது நமக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரிப் பழகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு சோதனைச் சாவடியைத் தாண்டினால் அங்கே நீங்கள் உரிமம் இல்லாதவர். குப்பம், பலமநேர், திருப்பதி எல்லாவற்றுக்கும் இதுதான். அடிக்கடி போக வேண்டியிருந்தால் பரப்பை விரிவாக்க முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

நீதிமன்ற வளாகம், ஆட்சியர் அலுவலகம், பள்ளி கல்லூரி, மருத்துவமனை, கோவில், வாக்குச்சாவடி, பொதுக்கூட்டம், ஊர்வலம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கியோடு போகக்கூடாது (உரிம அதிகாரி காட்டச் சொல்லி அழைத்த நாளைத் தவிர). கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்கோ ஸ்ரீபுரத்துக்கோ சி.எம்.சி.க்கோ போகும் வேலை இருக்கும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவது தீர்வு இல்லை, உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்தது இன்னொரு குற்றம். மகன், ஓட்டுநர், மேலாளர் யாராக இருந்தாலும் இதே சட்டம்தான்.

குடித்தால் துப்பாக்கி கிடையாது. மறுநாள் காலை தலை கனமாக இருந்தாலும் கிடையாது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் துப்பாக்கியோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதும் உரிமத்தை இழக்கும் சுருக்கு வழி. உங்களிடம் துப்பாக்கி இருப்பது மனைவிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிந்தால் போதும்.

உரிமப் புத்தகம் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். காவலர் கேட்டால் முதலில் இரண்டு கையும் தெரியும்படி வைத்து, "உரிமம் உள்ள துப்பாக்கி இடுப்பில் வலப்பக்கம் இருக்கிறது" என்று வாயால் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள்.

வீட்டில்

பீரோ லாக்கர் போதாது. பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்: பூஜை அலமாரி, சமையலறை டப்பா, புடவை மடிப்பு. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். சிறிய இரும்புப் பெட்டி, எண் பூட்டு உள்ளது, சுவரிலோ தரையிலோ நான்கு போல்ட்டால் இறுக்கியது வேண்டும். தோட்டாக்கள் வேறொரு பூட்டிய பெட்டியில், முடிந்தால் வேறு அறையில். எண்ணைப் பிறந்த தேதியாக வைக்காதீர்கள்.

வெளியே போய் வந்ததும் ஓர் ஒழுங்கு வையுங்கள். யாரோடும் பேசாமல் நேராகப் பெட்டி இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழலை வெளிச்சுவர் பக்கம் தரையை நோக்கிக் காட்டி, ட்ரிக்கரில் விரல் படாமல் திறந்து, தோட்டாக்களைக் கையில் எண்ணி, ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரல் நுனியாலும் பார்த்து, துடைத்து, பூட்டுங்கள். தோட்டாவை அதன் பெட்டியில் வைத்து எண்ணைச் சரிபாருங்கள். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

பயிற்சி

கட்டாயப் பயிற்சி சான்றுக்காக. உங்களுக்காக, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பில் தொடர்ந்து சுட வேண்டும். 5 மீட்டர், 7 மீட்டர், பிறகு 10 மீட்டர். நெருக்கத்தில் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் மெதுவாகச் சுடும் ஆறும் விழாதவரை வேகத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். தோட்டா விலையை நினைத்துப் பயிற்சியைக் குறைப்பவர் துப்பாக்கி வாங்காமல் இருப்பதே நல்லது.

சுடும்போது இரண்டு கோளாறுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரிக்கர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடியுங்கள். ஈரம்பட்ட, பழைய தோட்டா சற்றுத் தாமதித்து வெடிப்பது உண்டு. பயிற்சியில் உடனே மறுபடி இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாத அறையில் வெடிக்கலாம். இரண்டாவது இன்னும் மோசம்: வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக "பொத்" என்று மட்டும் கேட்டால் நிறுத்துங்கள். குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகலாம். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. போலித் தோட்டா போட்டு, செங்கல் சுவரை நோக்கி, பத்து நிமிடம். .22 வகையில் போலித் தோட்டா இல்லாமல் வெறுமனே இழுக்காதீர்கள், அதில் ஊசி அறையின் விளிம்பையே குத்திக் கெடுக்கும். பயிற்சி முடிந்து துப்பாக்கியைப் பூட்டிய பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று எடுப்பதுதான் சுவரில் ஓட்டை விழும் தருணம்.

துடைப்பது

வேலூரில் துப்பாக்கியின் முதல் எதிரி வியர்வை. சித்திரை வைகாசியில் இடுப்பில் வைத்த கறுப்புப் பூச்சு இரும்பில் இரண்டே நாளில் பழுப்புப் புள்ளி வரும், குறிப்பாகச் சுத்தியல் பக்கமும் கைப்பிடித் திருகுகளும். தினமும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் தடவிய துணியால் ஒரு முறை. சொட்டச் சொட்ட விடாதீர்கள். மிகுந்த எண்ணெய் தோட்டாவின் அடியில் இறங்கி அதைச் செத்ததாக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகி ட்ரிக்கர் இயக்கத்தை இறுக்கும்.

சுட்ட நாளில் .32 அளவுப் பிரஷ்ஷால் குழலையும் ஆறு அறைகளையும் கரைப்பான் விட்டுத் தேயுங்கள். பலர் விடும் இடம், காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பக்கம். அங்கே வேகாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினாலும் தகடு உயர்ந்து நிற்கும், சிலிண்டர் சுற்றாது. பல் துலக்கும் பழைய பிரஷ் போதும்.

இரவில் தோல் உறைக்குள் விட்டு வைக்காதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் அடிக்கடி வெயிலிலோ தோசைக்கல் சூட்டிலோ உலர்த்துங்கள். இடுப்பில் சுமந்த தோட்டாவில் பச்சைப் பூச்சு தெரிந்தால் பயிற்சிக்கும் போடாமல் தனியே வைத்துக் கடையில் கேளுங்கள். சுமக்கும் தோட்டாக்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சியில் சுட்டுவிட்டுப் புதியது போடுங்கள்.

சுட நேர்ந்தால்

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அது. காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது என்று 37-ஆவது பிரிவு வரம்பு போடுகிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. பையைப் பறித்தவன் ஓடிவிட்டால் பணம் போனது போனதுதான். கூட்டத்தில் எடுக்காதீர்கள், குறி தவறிய குண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மிரட்டுவதற்காக எடுத்துக் காட்டுவதும் வழக்காகும்.

நடந்துவிட்டால்: துப்பாக்கியை உறையில் வையுங்கள் அல்லது கீழே வைத்து விலகி நில்லுங்கள். 112-ஐ அழைத்து முதலில் ஆம்புலன்ஸ் கேளுங்கள். தோட்டா, வெடித்த தோட்டாவின் காலிக் கூடு எதையும் எடுக்காதீர்கள். காவலர் வரும்போது கை காலியாக இருக்கட்டும். விரிவான வாக்குமூலத்துக்கு முன் வழக்கறிஞரோடு பேசுங்கள்.

தேர்தல், புதுப்பித்தல், வாரிசு

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ கொடுத்து, துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, இருந்த நிலை மூன்றும் எழுதிய ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முந்தின இரவு வழக்கத்தைவிட நன்றாக எண்ணெய் பூசுங்கள், எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது: 2019-இல் நாடே ஏப்ரல், மே மாதங்களில் வாக்களித்து முடித்தபோது வேலூர் மக்களவைத் தேர்தல் மட்டும் ரத்தாகி ஆகஸ்ட் 5 அன்று நடந்தது.

புதுப்பிக்கும் விண்ணப்பம் படிவம் ஏ-3. காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே போட்டு ஒப்புகைச் சீட்டை உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். தொலைந்தாலோ திருடு போனாலோ அன்றே காவல் நிலையத்தில் புகார், அடுத்து உரிம அதிகாரிக்குக் கடிதம். விடியட்டும் என்று காத்திருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிறகு விளக்கம் கேட்பார்கள்.

உரிமதாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்க யாருக்கும் உரிமை இல்லை. காரியம் முடியட்டும் என்று பீரோவில் வைக்காமல் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கும்படி குடும்பத்தில் ஒருவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பிள்ளைகளில் ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால் மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு தம் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ அவர் 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் விதி இடம் தருகிறது. யாருக்கும் விருப்பமில்லை என்றால் உரிமம் பெற்ற கடைக்கு விற்று, அந்த ரசீதோடு உரிமப் புத்தகத்தை ஆட்சியர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்து, தரவுத்தளத்தில் பெயர் நீங்கியதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.